லைன் என்றால் எந்த லைன்? மலையகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கிய முதல் வருடம். தரம் 8 பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பப் பழக்கிக்கொண்டிருந்தேன். அச்சடித்த ஆங்கிலப் படிவம். பெயர், பிறந்த தேதி, அதற்குக் கீழே 'அட்ரஸ் லைன் 1', 'அட்ரஸ் லைன் 2', 'அட்ரஸ் லைன் 3'. ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சேர், நாங்க அஞ்சாம் லைன். இதுல மூணு வரைக்கும்தான் இருக்கு. நான் எங்க எழுதுறது?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம்தான். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாகச் சேர்ந்த குடியிருப்புக்கு இங்கே லைன் அல்லது லயம் என்று பெயர். மூன்றாம் லயத்துப் பிள்ளை ஒருத்தி 3க்கு நேரே தன் விவரத்தை எழுதி முடித்து, பேனையை மூடியும் வைத்துவிட்டாள்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். ஆனாலும் 'லைன்' என்ற சொல் இங்கே எத்தனை வேலை பார்க்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்புறம் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் ஆசிரியராக, தாதியாக, வங்கி ஊழியராக இங்கே வருகிறவர்கள் அந்த ஒரு சொல்லில் தடுமாறுவதைப் பலமுறை பார்த்தேன். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர், "லயத்தில் பிறந்தவர்" என்று ஒருவரை நான் அறிமுகப்படுத்தியபோது, அவர் மிருதங்கம் வாசிப்பவர் என்றே நினைத்துக்கொண்டார். அப்படித் தடுமாறுகிறவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி. ஒரு வார விடுமுறையும் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் போதும்.

முதல் படி: பக்கத்துச் சொல்லைக் கேளுங்கள்

அகராதியை இப்போதைக்குத் திறக்க வேண்டாம். ஹட்டன் பஸ் நிலையத்திலோ பண்டாரவளைச் சந்தையிலோ ஒரு அரை மணி நேரம் சும்மா நில்லுங்கள். 'லைன்' காதில் விழும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சொல்லை மட்டும் எழுதாமல், அதற்கு முன்னும் பின்னும் வந்த சொற்களையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும் சொல் உங்களுக்கு ஒன்றும் சொல்லாது.

"லைன் கிடைக்குதில்ல" என்றால் தொலைபேசி. "காத்துக்கு லைன் அறுந்துருச்சு" என்றால் மின்சாரக் கம்பி. அன்றைக்கு இரவு மெழுகுவர்த்தி வாங்கி வையுங்கள். "லைன்ல வாங்க" என்றால் வரிசை. 2022இல் எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் நின்ற நாட்களில் இந்தப் பொருள்தான் நாடு முழுக்க ஓங்கி நின்றது. "அவன் அந்தப் புள்ளைக்கு லைன் போடுறான்" என்றால் விளக்கம் தேவையில்லை. கிரிக்கெட் பார்க்கிற பையன்கள் "லைன் அண்ட் லென்த்" என்பார்கள். பந்து விக்கெட்டுக்கு எந்தப் பக்கமாகப் போகிறது என்பது அங்கே லைன். எவ்வளவு தள்ளிக் குத்துகிறது என்பது லென்த்.

ரயில் நிலையத்தில் 'மெயின் லைன்' என்று கேட்டால் அது கொழும்பிலிருந்து பதுளைக்கு வரும் பாதை. 1867இல் கண்டி வரைக்கும் வந்த தண்டவாளம், 1885இல் நானுஓயாவுக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. மலைப் பகுதியில் ஒற்றைப் பாதை என்பதால் எதிரே வண்டி இல்லை என்று உறுதியான பிறகே ரயிலை விடுவார்கள். அந்த அனுமதிக்கு 'லைன் கிளியர்' என்று பெயர். வீட்டில் பெரியவர்கள் சம்மதித்துவிட்டாலும் "லைன் கிளியர்" என்று சொல்லும் ஆட்களை நீங்கள் சந்திப்பீர்கள்.

இத்தனையும் ஒரே சொல். பக்கத்தில் எது நிற்கிறதோ அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது.

இரண்டாம் படி: சொல்லின் வாலைப் பாருங்கள்

எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சூட்சுமம் இது. நான் பிள்ளைகளிடமிருந்துதான் கற்றேன்.

குடியிருப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் "லயத்துக்குப் போறேன்", "லயத்துப் பக்கம்", "மேல் லயத்துல" என்பார்கள். ரயிலையோ கம்பியையோ பற்றிப் பேசும்போது "லைனுக்கு", "லைன்ல". ஒரு நாளும் யாரும் "லயத்துல ரயில் வருது" என்று சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

காரணம் எளிது. ஆங்கிலச் சொல் முதலில் 'லயன்' ஆனது. இப்போதும் வயதானவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. அப்புறம் மரம், பணம், குளம் என்று தமிழில் அஃறிணைப் பெயர்கள் ஏராளமாக 'ம்'மில் முடிவதால், இதுவும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்து 'லயம்' ஆயிற்று. 'ம்' வந்ததும் மரத்துக்கு, பணத்துக்கு என்பதுபோல லயத்துக்கு. தலைமுறை தலைமுறையாக வாயில் புழங்கினால்தான் ஒரு சொல் இப்படித் தமிழ் இலக்கணத்துக்குள் வந்து உட்காரும். ரயில் லைனும் போன் லைனும் இன்னும் விருந்தாளிதான்.

ஆகவே ஐயம் வந்தால் வாலைக் கேளுங்கள். 'த்து' வந்தால் வீடு. வராவிட்டால் பெரும்பாலும் வேறேதோ. வெறுமனே "அஞ்சாம் லைன்" என்று வாலில்லாமல் வந்தால் மட்டும் மறுபடியும் முதல் படிக்குப் போக வேண்டும். எண் ஒன்று முன்னால் நின்றால் குடியிருப்பாகத்தான் இருக்கும்.

இந்தச் சோதனை மற்றச் சொற்களுக்கும் உதவும். காலையில் வேலை பிரிக்கும் இடத்துக்குத் தோட்டத்தில் 'பெரட்டுக்களம்' என்று பெயர். அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்தான் அது என்பார்கள். தமிழ்க் 'களம்' பின்னால் ஒட்டிக்கொண்டதில் யாரும் அதைத் தமிழில்லை என்று இப்போது சொல்ல முடியாது.

மூன்றாம் படி: இப்போது அகராதியைத் திறக்கலாம்

நோட்டில் ஒரு பத்துப் பதினைந்து வாக்கியம் சேர்ந்த பிறகு, சொல் வரலாறு தரும் ஒரு நல்ல ஆங்கில அகராதியைப் பாருங்கள். பொருளை மட்டும் தரும் சின்ன அகராதி இதற்குப் போதாது.

லத்தீனில் 'லீனும்' என்றால் ஆளிச் செடி. கடையில் ஆளி விதை என்று விற்கிறார்களே, அந்தச் செடி. அதன் தண்டிலிருந்து நார் எடுத்து நூல் திரிப்பார்கள். அந்த நூலுக்கு லத்தீனில் 'லீனியா'. மேஸ்திரி சுவர் கட்டும்போது நூல் பிடிக்கிறார் இல்லையா? இழுத்துப் பிடித்த நூல் நேராக இருக்கும். நேராக இருப்பதெல்லாம் அப்புறம் 'லைன்' ஆகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் அது கயிறு, வரிசை என்ற பொருள்களில் இருந்தது. பிரெஞ்சு வழியாகவும் அதே லத்தீன் சொல் இன்னொரு தடவை வந்து சேர்ந்தது. மீன் தூண்டில் கயிறு, துணி காயப்போடும் கொடி, கணக்குக் கொப்பியில் கோடு, கவிதையில் ஒரு அடி, பரம்பரை, கப்பல் கம்பனி எல்லாம் அந்த ஒரு நூலில் தொங்குகிறவை.

இதில் எனக்குப் பிடித்தது 'லைனிங்'. நகரத்தில் எந்தத் தையல்காரரிடம் போனாலும் "பிளவுஸுக்கு லைனிங் வைக்கணுமா?" என்று கேட்பார். சட்டைக்கு உள்ளே லினன் துணி வைத்துத் தைத்ததால் வந்த சொல் அது. வரைகிற கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நேராகச் செடியிலிருந்து துணிக்கும் துணியிலிருந்து தையலுக்கும் வந்தது. ஆனால் தேயிலைத் தோட்டத்திலும் ஒரு 'லைனிங்' உண்டு. புதுக் கன்று நடுவதற்கு முன்னால் சரிவில் குறுக்காக, மண் அரித்துப் போகாதபடி, முளை அடித்துக் குறி வைக்கும் வேலை. அது கயிற்றின் பக்கத்திலிருந்து வந்தது. ஒரே ஊரில், ஒரே ஒலியில் இரண்டு லைனிங். இரண்டுக்கும் பாட்டி ஒருத்திதான்.

கிரிக்கெட் மட்டைக்குப் பூசும் லின்சீட் எண்ணெயும் அதே குடும்பம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் அன்றைக்கு வகுப்பு தூங்காது.

முளை அடித்து நட்ட தேயிலை வளர்ந்த பிறகு அந்த வரிசையை யாரும் லைன் என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கு நல்ல தமிழ் இருக்கிறது: நிரை. பேச்சில் நெரை. கொழுந்து எடுக்கிற பெண்கள் ஆளுக்கொரு நெரை பிடித்துத்தான் மலையில் ஏறுவார்கள். வீட்டு வரிசைக்கு ஆங்கிலம், செடி வரிசைக்குத் தமிழ். ஏன் என்று யோசித்தால் ஒன்று தோன்றுகிறது. வரிசையாக நடுவது எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வேலை, அதற்குச் சொல் கையோடு வந்தது. வரிசையாகக் குடியிருப்பதுதான் புதிது.

நான்காம் படி: வீடு எப்படி லைன் ஆனது

படைவீரர்களின் கூடாரங்களும் குடிசைகளும் வரிசை வரிசையாக நிற்பதை ஆங்கிலேயர் 'லைன்ஸ்' என்றார்கள். இந்தியாவில் அந்தப் பழக்கம் ஊர்ப் பெயர்களிலேயே தங்கிவிட்டது. டெல்லியில் சிவில் லைன்ஸ் இருக்கிறது. காவலர் குடியிருப்புகளுக்குப் போலீஸ் லைன்ஸ் என்று பெயர். தமிழ்நாட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டி வாடகைக்கு விடும் வீடுகளை லைன் வீடு என்பார்கள். அதே சொல்தான் இங்கே கோப்பித் தோட்டத்துக்கு வந்தது. 1823ஆம் ஆண்டைத்தான் மலையகத் தமிழர் வருகையின் தொடக்கமாகக் கணக்கு வைக்கிறோம். 2023இல் 200 வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்தே வந்தார்கள். 1869இலிருந்து இலை நோய் கோப்பியைத் தின்றது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் போட்ட தேயிலை பிறகு மலையெல்லாம் பரவியது. பயிர் மாறியது, லயம் மாறவில்லை.

உருவத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் சொல் புரியாது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சேர்ந்த அறைகள். சிலவற்றில் முதுகோடு முதுகாக இரண்டு வரிசை. ஒரு அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பதுதான் எல்லோரும் சொல்லும் கணக்கு. அந்த அறைக்கு 'காம்பரா' என்று பெயர். இது ஆங்கிலமில்லை, போர்த்துக்கீசர் விட்டுப்போன 'காமரா'. சிங்களத்திலும் அறைக்குக் காமரய என்பார்கள். லத்தீனிலும் அதற்கு முன் கிரேக்கத்திலும் வளைந்த கூரையுள்ள இடத்தைக் குறித்த சொல் அது. இருட்டறை என்ற பொருளில் படம் பிடிக்கும் பெட்டிக்கும் அதே பெயர் போனது. ஆகவே நீங்கள் கொண்டுவரும் கேமராவும் அப்பாயி படுத்திருக்கும் காம்பராவும் உடன்பிறப்புகள். படம் எடுப்பதற்கு முன் அப்பாயியைக் கேட்டுக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம்.

காம்பராவுக்கு முன்னால் இருக்கும் சின்னத் திண்ணை 'இஸ்தோப்பு'. டச்சுக்காரரின் 'ஸ்தூப்'. அமெரிக்காவில் வாசற்படிக்கு 'ஸ்டூப்' என்கிறார்களே, அதுவும் இதுதான். டச்சுக்காரர் அங்கேயும் கொண்டுபோய் விட்டார்கள். குசினி போர்த்துக்கீசம். மேலே துரை இருக்கும் பங்களா, வங்காள பாணி வீடு என்ற பொருளில் இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. லயத்திலிருந்து பங்களா வரை நடந்தால் நாலைந்து மொழி காலில் தட்டுப்படும்.

ஐந்தாம் படி: இனிப்பான விளக்கங்களைச் சந்தேகியுங்கள்

நீங்கள் நோட்டோடு திரிவதைப் பார்த்தால் ஆட்கள் தாமாகவே விளக்கம் சொல்ல வருவார்கள். "லாயம்தான் லயம் ஆச்சு தம்பி. குதிரை கட்டுற மாதிரி எங்களக் கட்டி வச்சாங்க" என்று ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்கிறது. உருவமும் ஒத்துப்போகிறது. இன்னொருவர் ஆலயத்திலிருந்து வந்தது என்றார். அது அவர் மனசு நல்லது என்பதைத்தான் காட்டுகிறது.

சோதிப்பது எப்படி? இரண்டு கேள்வி கேளுங்கள். பழைய வடிவம் எங்காவது மிஞ்சியிருக்கிறதா? 'லயன்', 'லைன் காம்பரா' என்ற வடிவங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றில் உள்ள 'ன்' லாயத்தில் இல்லை. அடுத்தது, பக்கத்து மொழி என்ன சொல்கிறது? சிங்களத்திலும் லைன் காமர என்றுதான் சொல்கிறார்கள். இரண்டுக்கும் விடை ஆங்கிலத்தையே காட்டுகிறது.

ஆனால் பெரியவரைத் திருத்தப் போகாதீர்கள். அவர் சொல் வரலாறு சொல்லவில்லை, வாழ்ந்த வரலாற்றைச் சொன்னார். நோட்டில் இரண்டையும் தனித்தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இசையின் லயம் முற்றிலும் வேறு. அது வடமொழி, ஒலி மட்டும் தற்செயலாக ஒன்றாகிவிட்டது.

ஆறாம் படி: யார் வாயிலிருந்து வருகிறது

புதிதாக வருகிறவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

"நாங்க லயத்துல வளந்தவங்க" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள். அதே சொல்லை நீங்கள் எடுத்து "லயத்து ஆளா நீங்கள்?" என்று திருப்பிக் கேட்டால் முகம் சுருங்கும். நகரத்துப் பாடசாலைக்குப் போய் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். தொனி என்ன என்பது தெரியும். 'தோட்டக்காட்டான்' என்பது வசவு, விளையாட்டுக்குக்கூட வேண்டாம். பழைய ஆங்கில ஆவணங்களில் 'கூலி லைன்ஸ்' என்று இருக்கும். தமிழில் கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் காசு. ஆங்கிலத்தில் அது ஆளையே குறிக்கும் சொல்லாகிவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் தமிழ்க் கூலியா, குஜராத்தின் கோலி மக்களின் பெயரா என்று அறிஞர்களிடம் இரண்டு கட்சி உண்டு. எந்தக் கட்சியானாலும், அதை இன்றைய மனிதர் யாருக்கும் பயன்படுத்தாதீர்கள்.

பின்னே எப்படித்தான் கேட்பது? "எந்தத் தோட்டம் நீங்க?" போதும். பதில் வந்ததும் "எந்த டிவிஷன்?", அதாவது தோட்டத்தின் எந்தப் பிரிவு. அதற்குமேல் தேவையென்றால் அவரே சொல்வார். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருக்கும். ஹோலிரூட், பால்மோரல் என்று ஸ்கொட்லாந்தை நினைவூட்டும் பெயர்கள் பலகையில். ஆட்களின் வாயில் பெரும்பாலும் வேறொரு தமிழ்ப் பெயர். முச்சக்கர வண்டிக்காரரிடம் தமிழ்ப் பெயரைச் சொன்னால் நேராகக் கொண்டுபோய் விடுவார்.

ஏழாம் படி: இன்னொரு சொல்லில் கையைப் பழக்குங்கள்

'பேர்ச்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். இப்போது மலையகத்தில் வீட்டைப் பற்றிப் பேசினால் "ஏழு பேர்ச்" என்ற சொல் வராமல் இருக்காது; பல தனி வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு ஒதுக்கிய காணி அளவு அது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஏக்கருக்கு 160. லத்தீனில் 'பெர்திகா' என்றால் நீண்ட கம்பு. கம்பால் காணி அளந்தார்கள், அளவுக்கே அந்தப் பெயர் ஆயிற்று. பறவை உட்காரும் கொம்பும் அதே கம்புதான். பேர்ச் என்று ஒரு மீன் இருக்கிறது, அது மட்டும் கிரேக்கத்திலிருந்து தனியாக வந்தது. முதல் படியையும் மறக்காதீர்கள்: தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளக் கணக்கு, குறைந்த நாளில் 'அரைப் பேர்'. "ஏழு பேர்" என்று காதில் விழுந்தால் காணியா, கூலியா, ஏழு மனிதர்களா என்பதைப் பக்கத்துச் சொல்தான் சொல்லும்.

தமிழிலேயே செய்து பார்க்க வேண்டுமென்றால் 'கோடு' இருக்கிறது. வரைகிற கோடு, பழந்தமிழில் மலையுச்சி, எங்கள் நாட்டில் 'கோடு கச்சேரி' என்னும்போது நீதிமன்றம். இதில் ஒன்று மட்டும் ஆங்கிலம். எது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கடைசியாக, படிவம் நிரப்பும் முறை, இதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். முதல் வரியில் வீட்டு அல்லது காம்பரா இலக்கமும் லய இலக்கமும். இரண்டாம் வரியில் டிவிஷனும் தோட்டமும், படிவத்தில் பலகைப் பெயர்தான். மூன்றாம் வரியில் தபால் நகரம். லயத்தை இடித்துத் தனி வீடு கட்டிய இடங்களில் புது இலக்கம் இருந்தாலும், தபால் கொண்டுவருபவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் புது வீட்டையும் இன்னும் அஞ்சாம் லயம் என்றுதான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பையன் நான் சொன்னபடியே எழுதினான். 'அட்ரஸ் லைன் 1' என்பதற்கு நேரே 'லைன் 5, ரூம் 7'. எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது பிழை மாதிரி இருக்கே, சேர்."

சரிதான் என்றேன். இன்னும் நம்பாமல்தான் கையெழுத்துப் போட்டான்.